கைதூக்கச் சொன்னா எல்லாரும் தூக்குவாய்ங்க

மாப்ள,

எப்புட்றா இருக்க. உன் லெட்டரு வந்து மூணு வாரமாச்சு, பதில் போட இன்னைக்குத்தான் நேரம் வாய்ச்சுச்சு, கோவிச்சுக்காத. அம்மாவுக்கு முட்டிவலி இப்ப பரவால்ல, திருப்பரங்குன்றம் கிரிவலம் வேணாம்னு சொன்னாலும் கேக்குறதில்ல.

உங்க ஆபீஸ் கேண்டீனுக்கு எல்லாரும் அஞ்சு ஸ்டார் போட்டுட்டு வெளிய வந்து சாம்பார திட்டுறாய்ங்கன்னு எழுதிருந்தேல்ல, படிச்சு சிரிச்சுட்டேன், ஏன்னா இங்க திருநகர்ல எங்க தெரு சங்கத்துலயும் இதே கூத்துதான்.

தெருவுல காமிரா வைக்கலாம், வீட்டுக்கு ஆயிரம் ரூவான்னு தலைவர் சொல்லி கைதூக்கச் சொன்னாரு. அவரு மொதல்ல தூக்குனாரு, பக்கத்துல இருந்த ரெண்டு பேரு தூக்குனாய்ங்க, அப்பறம் பூராப் பேரும் தூக்கிட்டாய்ங்க, நானுந்தான். 34 வீடும் சம்மதம்னு நோட்டுல எழுதியாச்சு. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா 9 வீட்டுலதான் காசு வந்துருக்கு. செயலாளர் நாந்தானே, வீடு வீடா போனா "நாளைக்குத் தர்றேண்ணே"தான்.

சரி, சீட்டுல எழுதிப் போடச் சொல்லுவோம்னேன். உடனே ரிட்டயர்டு தமிழய்யா ஒருத்தரு உத்திரமேரூர் குடவோலைன்னு ஆரம்பிச்சுட்டாரு. அய்யா, அது ஓட்டே இல்லீங்க, பேர ஓலைல எழுதி குடத்துல போட்டு சின்னப் பையன விட்டு எடுக்கச் சொல்றது, அது குலுக்கல்னு சொன்னேன், மூஞ்சி சுண்டிப்போச்சு அவருக்கு. ஆனா பராந்தகச் சோழன் காலத்துலயே, 919லயும் 921லயும், யாரு நிக்கலாம் யாரு நிக்கக்கூடாதுன்னு அம்புட்டு வெவரமா கல்லுல வெட்டி வச்சுருக்காய்ங்க பாரு, கணக்கு காட்டாதவன் பேரு ஓலைலயே ஏறாது. அது நம்ம சங்கத்துக்கு வந்தா எத்தன பேரு தேறுவாய்ங்கன்னு தெரியல.

வெறும் வேணும் வேணாம்னு கேட்டா பத்தாதுன்னு எனக்குத் தோணுச்சு. நோட்டா ஞாபகம் இருக்கா, அதுக்கு முன்னாடி 49ஓ-ன்னு இருந்துச்சு, பூத்துல ஆபீசர்கிட்டயே போயி எனக்கு யாருக்கும் போட விருப்பமில்லன்னு சொல்லணும், அவரு எழுதி கையெழுத்து வாங்குவாரு, ஏஜெண்டு பூரா பாத்துட்டு இருப்பாய்ங்க, எவன் சொல்லுவான். ரகசியம் போகுதுன்னு சொல்லித்தான் சுப்ரீம் கோர்ட்டு 2013ல மெஷின்லயே பட்டன் வைக்கச் சொல்லுச்சு. பயமில்லாம அமுக்கலாம், சரி, ஆனா ஏன் அமுக்குனான்னு எவனுக்கும் தெரியாது. யூடியூப்லயும் கட்டவிரல கீழ அமுக்குன எண்ணிக்கைய 2021ல மறைச்சுட்டாய்ங்க, கூட்டமா வந்து வேணும்னே அமுக்குறாய்ங்கன்னு. கூட்டத்தப் பாத்து அமுக்குறதும் தலைவரப் பாத்து கைதூக்குறதும் ஒண்ணுதானடா.

அதுனால சீட்டுல பேரு வேணாம், "வேணாம்"னா ஏன்னு மட்டும் ஒரு வரி எழுதுங்கன்னு கேட்டேன். கோயில் உண்டியல் மாதிரி ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவ ஓட்ட போட்டு மளிகைக்கடைல வச்சோம். 31 சீட்டு வந்துச்சு, 13 வேணாம். நாலு பேரு ஆயிரத்த மொத்தமா முடியாது, ரெண்டு மாசமா தர்றோம்னு எழுதிருந்தாய்ங்க. ஒரு சீட்டு பென்சில்ல, "மூல கம்பத்துல வச்சா எங்க வாசப்படி தெரியும், அம்மா சாயங்காலம் அங்கதான் உக்காந்து தல காயவைக்கும்". இத எப்புட்றா கூட்டத்துல எந்திரிச்சு சொல்லும் அந்தப் புள்ள?

காமிராவ அடுத்த கம்பத்துக்கு மாத்தியாச்சு, காசும் ரெண்டு தவணையாக்கியாச்சு, இப்ப 28 வீடு குடுத்துருச்சு. தலைவரு மட்டும் கொஞ்சம் முறுக்கிக்கிட்டு திரியுறாரு.

ஒரே ஒரு சீட்டுல மட்டும் வெறும் "வேணாம்". காரணம் ஒண்ணும் கெடையாது. கையெழுத்த எங்க வீட்டு பால்கணக்கு நோட்டுல பாத்த மாதிரியே இருந்துச்சு. நான் கேக்கலடா.

பிள்ளைகள கேட்டதா சொல்லு.