குடும்பக் குழுவில் விநோதப் படம் போடும் மருமகளுக்கு

அன்புள்ள மக்களே,

குடும்ப வாட்ஸப் குழுவில் நீ போடுகிற "உலக விநோதங்கள்" படங்களுக்கு மாமா ஒரு பதில்கூடப் போடுவதில்லை என்று அம்மாவிடம் குறைப்பட்டாயாம். பார்க்காமல் இல்லை. எழுதத் தொடங்கினால் இவ்வளவு நீளம் வரும் என்று தெரியும், அதான் இங்கே எழுதுகிறேன். உன்னைப் போலப் படம் அனுப்புகிற வேறு யாராவது படித்தாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

படத்தை விடு, கட்டுரையை அனுப்பு. நான் சொல்ல வருவது அவ்வளவுதான். அந்தப் படங்களைச் செய்கிறவர்கள் விக்கிப்பீடியாக் கட்டுரையின் முதல் வரியை மட்டும் உருவி, ஒரு சிரிக்கும் முகத்தை ஒட்டி விட்டுவிடுகிறார்கள். ருசியெல்லாம் மீதிக் கட்டுரையில் கிடக்கிறது.

ஈமு பறவைகளிடம் ஆஸ்திரேலிய ராணுவம் தோற்றது என்று ஒரு படம் போட்டாயே, அதையே எடுத்துக்கொள்வோம். தாத்தாகூட விழுந்து விழுந்து சிரித்தார். நடந்தது 1932 நவம்பரில், மேற்கு ஆஸ்திரேலியாவின் காம்பியன் பகுதியில். முதல் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களுக்கு அரசு அங்கே நிலம் கொடுத்துக் கோதுமை போடச் சொல்லியிருந்தது. உலகப் பொருளாதாரம் படுத்தது, கோதுமை விலையும் விழுந்தது, தருவதாகச் சொன்ன மானியம் வந்துசேரவில்லை. அந்த நேரம் பார்த்து 20,000 ஈமுக்கள் வயலில் இறங்கின. அவை உடைத்த வேலி வழியாக முயல்களும் உள்ளே வந்தன. இயந்திரத் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டதே விவசாயிகள்தான், ஏனென்றால் அது என்ன செய்யும் என்பதைப் போர்க்களத்தில் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள்.

மேஜர் மெரிடித் என்பவர் இரண்டு லூயிஸ் துப்பாக்கிகளும் 10,000 தோட்டாக்களுமாக வந்தார். பறவைகள் சின்னச் சின்னக் கூட்டமாகப் பிரிந்து ஓடின. துப்பாக்கியை லாரியில் ஏற்றித் துரத்திப் பார்த்தார்கள், வண்டி குலுங்கிய குலுக்கலில் குறி பார்க்கவே முடியவில்லை. படம் இத்துடன் நின்றுவிடும். கட்டுரையோ மேலே போகிறது. அடுத்தடுத்த ஆண்டுகளில் விவசாயிகள் மறுபடியும் ராணுவத்தைக் கேட்டார்கள், அரசு மறுத்தது. கொன்ற ஒரு பறவைக்கு இவ்வளவு என்று அரசு பணம் கொடுத்தபோது 1934-இல் ஆறே மாதத்தில் 57,034 பறவைகளுக்கு விவசாயிகள் பணம் வாங்கினார்கள். ஆக, ஈமு ஜெயித்தது என்பது பாதிக் கதை. கீரிப்பாறைப் பக்கம் ராத்திரியெல்லாம் மரச்சீனித் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்குக் காவல் இருக்கிற ஆளிடம் முழுக் கதையையும் சொல்லிப் பார். அவர் உன் தாத்தா மாதிரிச் சிரிக்க மாட்டார். மானியம் எங்கே போச்சு என்றுதான் கேட்பார்.

இன்னொன்று, அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பாகு வெள்ளம். 1919 ஜனவரி 15 அன்று, எரிசாராயம் காய்ச்சுவதற்காகச் சேர்த்து வைத்திருந்த கரும்புக் கழிவுப்பாகின் தொட்டி வெடித்து, கருப்பட்டிப் பாகு மாதிரி கெட்டியான அது ஏறத்தாழ 87 லட்சம் லிட்டர் தெருவில் பாய்ந்தது. 21 பேர் செத்தார்கள், சுமார் 150 பேருக்குக் காயம். "இனிப்பில் மூழ்கிய நகரம்" என்று நீ அதற்கும் ஒரு படம் போட்டிருந்தாய். அதை வாசித்த அன்று எனக்குச் சாயா இறங்கவில்லை. 50 அடி உயரத் தொட்டி அது. கட்டி முடித்ததும் தண்ணீர் முழுக்க நிரப்பிச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும், அதைச் செய்யவில்லை. இரும்புத் தகடு இருக்க வேண்டிய கனத்தில் பாதிதான் இருந்தது. தொடக்கத்திலிருந்தே ஒழுகியது, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் டப்பா கொண்டுவந்து பிடித்துப் போவார்களாம். ஒழுக்கை நிறுத்த நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? ஒழுகுவது வெளியே தெரியாமலிருக்கத் தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் அடித்தது. வெடித்த பிறகு, கலகக்காரர்கள் குண்டு வைத்துவிட்டார்கள் என்று வழக்கில் வாதாடியது. விசாரணை வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் குற்றம் நிறுவனத்தின் மேல்தான் என்று முடிவானது. அந்தப் பழுப்பு வண்ணத்தை எந்தப் படமும் உனக்குச் சொல்லாது மக்களே. எனக்கு அந்தக் கட்டுரையிலேயே மிக விநோதமான விஷயம் அதுதான். விநோதம் என்றும் சொல்ல முடியவில்லை, நம்மூர் ஒப்பந்தக்காரர்கள் சிலரை எனக்குத் தெரியும்.

விநோதமெல்லாம் அயல்நாட்டில்தான் நடக்கும் என்றும் நினைத்துக்கொள்ளாதே. மோனசைட் என்று போட்டுத் தேடு. தலைப்பைப் பார்த்தால் வேதியியல் பாடப் புத்தகம் போலக் கொட்டாவி வரும். அந்தக் காலத்தில் காஸ் விளக்குக்குத் திரியாகப் போடும் மேண்டில், நம் கோவில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் வருமே பெட்ரோமாக்ஸ், அதில் தொங்குமே வெள்ளைச் சல்லடைப் பை, அதற்குத் தோரியம் வேண்டும். தோரியம் மோனசைட் மணலில் இருக்கிறது. உலகத்துக்கு அப்போது பெரும்பாலும் பிரேசில் மணல்தான். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கவனித்தார். கயிற்றை எல்லோரும் உதறிவிட்டு வேலையைப் பார்த்தார்கள், அவர் உதறி விழுந்ததைச் சோதித்தார். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்து, மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை தொடங்கினார். ஐரோப்பாவின் தெருவிளக்குகளுக்கும் நம் கடற்கரைக் கறுப்பு மணலுக்கும் சம்பந்தம் அப்படி வந்தது. காஸ் விளக்கு போனது, தோரியம் அணுசக்திக்கான பொருளானது, மணல் இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. அந்த மணலை அள்ளுவது பற்றிக் கரையில் நடக்கும் வழக்கு வம்பெல்லாம் தனிக் கதை, நேரில் பேசுவோம்.

எல்லை விஷயங்களும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் நடுவில் கூச் பிகார் பக்கம் துண்டுத் துண்டாக நிலம் கிடந்தது. தஹாலா காக்ராபாரி என்றொரு இடம், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அது இந்திய நிலம். அதைச் சுற்றி வங்கதேசம், அதைச் சுற்றி இந்தியா, அதையும் சுற்றி மறுபடி வங்கதேசம். 2015-இல் இரண்டு நாடுகளும் 111-க்கு 51 என்று துண்டுகளை மாற்றிக்கொண்டு தீர்த்தன. மன்னர்கள் சதுரங்கத்தில் கிராமங்களைப் பந்தயம் வைத்து ஆடியதால் வந்த நிலை என்று ஒரு கதை உண்டு, வரலாற்றாளர்கள் அதை ஏற்பதில்லை. உன் படத்தில் சதுரங்கக் கதை மட்டும்தான் வரும், பார்த்துக்கொள். நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? தக்கலையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற பத்மநாபபுரம் அரண்மனை நிற்பது தமிழ்நாட்டில், 1956-இல் குமரி இங்கே சேர்ந்த பிறகும் அதை நடத்துவது கேரள அரசின் தொல்லியல் துறை. சின்ன வயதில் நாம் இதை விநோதமாகவே நினைத்ததில்லை.

இனி, சொன்னால் சண்டைக்கு வருவார்கள் என்று தெரிந்தே சொல்கிற ஒன்று. கடலுக்குள் போன குமரிக்கண்டத்தின் வரைபடம் என்று நீலமும் பச்சையுமாக நீ அனுப்பிய படம். லெமூரியா கட்டுரையைப் பொறுமையாக ஒரு தடவை வாசி. 1864-இல் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளருக்கு ஒரு குழப்பம். மடகாஸ்கரில் லெமூர்கள் இருக்கின்றன, அவற்றின் சொந்தக்காரர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள், நம் மலைக்காட்டுத் தேவாங்கு மாதிரி. இடையில் இவ்வளவு கடல் கிடக்கிறதே என்று யோசித்தவர், முன்பு ஒரு நிலம் இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்து அதற்கு லெமூரியா என்று பேர் வைத்தார். அதில் மனிதனே இல்லை. மனிதனின் பிறப்பிடம் அங்கேயாக இருக்கலாம் என்று சொன்னது ஜெர்மனியின் உயிரியலாளர் ஹெக்கேல். பிரம்மஞான சபையின் பிளாவட்ஸ்கி அம்மையார் அதில் ஓர் ஆதி இனத்தையே குடியேற்றினார். அது நம் கைக்கு வந்தபோது இங்கே சிலப்பதிகாரத்தில் "பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள" என்ற வரி தயாராகக் காத்திருந்தது. இரண்டும் ஒட்டிக்கொண்டன. கண்டங்களே நகர்கின்றன என்று பிற்பாடு தெரிந்ததும் ஸ்கிளேட்டரின் குழப்பம் தீர்ந்தது. மூழ்கிய கண்டம் விஞ்ஞானிகளுக்குத் தேவைப்படவில்லை. நமக்கு மட்டும் விட மனமில்லை.

சிலப்பதிகார வரி பொய் என்று நான் சொல்லவில்லை. பனியுகத்தில் கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்த காலம் உண்டு, அப்போது இலங்கைக்கு நடந்தே போகலாம். கரையோரம் கடல் நிலத்தைத் தின்பதை 2004 டிசம்பரில் குளச்சலிலும் மணக்குடியிலும் நாமே பார்த்தோம். அதற்காக மடகாஸ்கர் வரைக்கும் பச்சை வண்ணம் அடிக்க வேண்டுமா? குரங்குக்கு ஒன்றுவிட்ட சொந்தமான ஒரு பிராணியைப் பற்றிய சந்தேகம் இத்தனை கை மாறி, கடைசியில் கன்னியாகுமரி பேருந்து நிலையத்தில் இறங்குகிற சுற்றுலாப் பயணி நம்மிடம் "குமரிக்கண்டம் எந்தப் பக்கம்?" என்று கேட்பதில் வந்து நிற்கிறது பார், கண்டத்தைவிட அது எனக்குப் பெரிய அதிசயம்.

விக்கிப்பீடியாவில் இருப்பதெல்லாம் வேதமா என்று நீ கேட்பாய். கேட்கத்தான் வேண்டும். பிச்சோலிம் மோதல் என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரு கட்டுரை இருந்தது. கோவாவில் 1640-41-இல் போர்த்துக்கீசியருக்கும் மராட்டியருக்கும் நடந்த சண்டை என்று நீளமாக, அடிக்குறிப்புகளோடு எழுதியிருந்தார்கள். 2007-இல் "நல்ல கட்டுரை" என்ற தகுதிகூடக் கிடைத்தது. 2012 கடைசியில் ஒருவர் அடிக்குறிப்பிலுள்ள புத்தகங்களைத் தேடிப் பார்த்தார். அப்படிப் புத்தகங்களே இல்லை, அப்படிச் சண்டையே நடக்கவில்லை. யார் எழுதினார்கள், எதற்காக எழுதினார்கள், ஒன்றும் விளங்காது. கட்டுரையை அப்புறம் நீக்கிவிட்டார்கள். ஆகவே நான் செய்வது இதுதான். கட்டுரையின் அடியிலிருந்து மேலே போவேன். குறிப்பில் சொல்லியிருக்கிற புத்தகம் உண்மையில் இருக்கிறதா, பத்திரிகைச் செய்தி திறக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் உரையாடல் பக்கம். அங்கே முகம் தெரியாத ஆட்கள் ஒரு ஆண்டுக்காகவும் ஒரு ஊர்ப் பெயருக்காகவும் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவதைப் படித்தால் சினிமா வேண்டாம். சில விஷயங்களைக் காலால் நடந்தே சரிபார்க்கலாம். குளச்சல் போரில் 1741-இல் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்ட டச்சுப் படையின் டி லனாய், பிடித்தவரின் படைக்கே தளபதியாகிப் போனார் என்பது எந்த நாட்டுக்காரனும் முதலில் நம்பாத கதை. புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் அவர் கல்லறை இருக்கிறது, லத்தீனும் தமிழும் பொறித்த கல்லோடு. லீவுக்கு வரும்போது கூட்டிப் போகிறேன்.

தமிழில் இப்படி வாசிக்கக் கிடைக்குமா என்றால், கிடைக்கும், பொறுமை வேண்டும். 2003-இலிருந்து தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது. "ஏதாவது ஒரு கட்டுரை" என்பதைத் தட்டினால் பல நேரம் மூன்று வரியில் ஒரு ஊரோ பூச்சியோ வந்து நிற்கும், நடுவில் திடீரென்று ஒரு முத்து விழும். எங்கள் காலத்தில் பெரியசாமித் தூரன் தலைமையில் 1954 முதல் 1968 வரை வந்த கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதிகள்தான். ஒன்றைத் தேடிப் போனால் அகர வரிசையில் பக்கத்தில் இருக்கிற சம்பந்தமில்லாத ஒன்றில் மாட்டிக்கொள்வோம். அந்தத் தொகுதிகளைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இப்போது இலவசமாகவே வாசிக்கலாம். அதையும் ஒரு கை பார்.

சரி, உனக்கு ஒரு வேலை தருகிறேன். எகிப்துக்கும் சூடானுக்கும் நடுவில் பிர் தாவில் என்று ஒரு நிலம் இருக்கிறது, 2,060 சதுர கிலோமீட்டர், நம் குமரி மாவட்டத்தைவிடப் பெரியது. எங்களுக்கு வேண்டும் என்று இரண்டு நாடுகளுமே சொல்வதில்லை. பக்கத்திலேயே ஹலாயிப் என்ற முக்கோணத்துக்கு இரண்டும் அடித்துக்கொள்கின்றன. 1899-இல் போட்ட எல்லைக்கோடு, 1902-இல் போட்ட எல்லைக்கோடு இரண்டையும் ஒரு தாளில் வரைந்து பார்த்தால் காரணம் பிடிபடும். அதைக் கண்டுபிடித்துக் குழுவில் நாலு வரி எழுதிப் போடு, கட்டுரையின் இணைப்போடு. தாத்தாவுக்குப் புரிகிற மாதிரி எழுது. ராத்திரி உட்கார்ந்து வாசித்துத் தூக்கம் கெட்டால் அம்மாவிடம் என் பேரை இழுக்காதே.

அன்புடன்,
மாமா
தக்கலை