நான்காவது தாள்

லைப்சிக்
25.1.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் மூன்று பேரும் நலம். நீ, அப்பா, அம்மாயி, தம்பி, மருமகள் எல்லோரும் நலமாக இருக்கக் கோட்டை மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன்.

பார்சல் வந்து பதினோரு நாள் ஆகிறது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். போனில் பாப்பா முகத்தைக் காட்டுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அம்மாயிக்கோ போனில் ஒரு வார்த்தையும் காதில் விழுவதில்லை. "கடுதாசி போடச் சொல்லு, பக்கத்து வூட்டுப் புள்ளைய விட்டுப் படிச்சுக் கேட்டுக்கறேன்" என்று அவங்க சொன்னதாக எழுதியிருந்தாய். மனசு உறுத்திவிட்டது. தீபாவளிக்கு முன்னால் எழுதியதுதான் கடைசி.

இந்தக் கடிதத்தில் நாலு தாள் இருக்கிறது. முதல் மூன்றையும் அம்மாயிக்குப் படித்துக் காட்டச் சொல். நான்காவது தாளை மடித்து ஒட்டியிருக்கிறேன். அதை நீ மட்டும் படி.

லேகியம் சிந்தாமல் வந்து சேர்ந்தது. ராகி மாவும் வந்தது. மாமா பட்டறையில் செய்த கொலுசைப் பாப்பாவுக்கு அன்றைக்கே போட்டேன். அவள் காலை உதைக்கும்போதெல்லாம் சத்தம் கேட்கிறது. இந்த வீட்டில் இப்போது கேட்கிற நல்ல சத்தம் அதுதான்.

குளிர் போன வாரம் மைனஸ் 6 வரை இறங்கியது. ஹீட்டரை 18-க்கு மேல் வைப்பதில்லை. ஆளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறோம், பழகிவிட்டது. சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. குவார்க் என்று ஒன்று விற்கிறார்கள், தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டதுபோல் இருக்கும். விலை குறைவு, புரதம் அதிகம். தினமும் அதில்தான் தாளித்துக் கொட்டிச் சாப்பிடுகிறோம். இங்கே பீட்ரூட்டும் கேரட்டும் மலிவு என்பதால் ஒரு நாள் துருவி, புதினாச் சட்னி அரைத்து, உப்பு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துத் தட்டுவடை செட்டு மாதிரி செய்தேன். உங்க மாப்பிள்ளை பன்னிரண்டு சாப்பிட்டார். அவருக்கு இப்போது வீட்டில் இருக்க நிறைய நேரம் கிடைக்கிறது. பாப்பாவை நெஞ்சோடு கட்டிக்கொண்டு காலையில் ஒரு மணி நேரம் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருகிறார். அந்த நேரத்தில்தான் நான் என் பயிற்சியைச் செய்கிறேன்.

அதற்குத்தானே நீ அவ்வளவு கோபமாக எழுதியிருந்தாய். "மாசமா இருந்தப்பவே இரும்பத் தூக்கின. இப்பப் பச்சை உடம்பு. ஊருல ஒருத்தியும் செய்யாததை நீ செய்ய வேண்டாம்." படித்துவிட்டு அழுதேன். ஆனால் நீ நினைப்பது போல இல்லை அம்மா. பொறுமையாகக் கேள்.

மாசமாக இருக்கிறேன் என்று தெரிந்ததும் நானும் பயந்தேன். இரண்டு வருஷமாக 50 கிலோ வரை தூக்கிக்கொண்டிருந்தவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் படுத்தேன். டாக்டரம்மாதான் சிரித்துக்கொண்டே கேட்டார், "பிறகு குழந்தையை யார் தூக்குவது?" என்று. எனக்கு ரத்தப்போக்கு இல்லை, பிரஷர் இல்லை, நஞ்சுக்கொடி கீழே இறங்கி இல்லை என்று எல்லாம் பார்த்துவிட்டுத்தான் செய்யச் சொன்னார். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் கதை வேறு. சிக்கல் இல்லாத கர்ப்பிணிகள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம் உடம்பை அசைக்க வேண்டும், தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் அதில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2020-இல் சொல்லியிருக்கிறது. நான் நாளுக்கு அரை மணி நேரத்தைத் தாண்டவில்லை.

50 கிலோவைப் படிப்படியாகக் குறைத்து, ஏழாம் மாசத்தில் 20-இல் நிறுத்தினேன். தூக்கும்போது மூச்சை அடக்கக் கூடாது, எழும்போது விட வேண்டும். செய்துகொண்டே பேச முடிய வேண்டும், பேச முடியாமல் இரைத்தால் பாரம் அதிகம் என்று அர்த்தம். ஐந்தாம் மாசத்துக்குப் பிறகு மல்லாந்து படுத்துச் செய்வதை விட்டேன். கர்ப்பப்பை கனத்து, கீழேயிருந்து இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாயை அழுத்திவிடும், தலை சுற்றும். மூட்டெல்லாம் அப்போது இளகித்தான் இருக்கும் என்பதால் துள்ளல், குதிப்பு எதுவும் கிடையாது.

என்ன பெரிய வித்தை என்று நினைக்கிறாய்? உட்கார்ந்து எழுவது, அது பிள்ளையார் கோயில் தோப்புக்கரணம். குனிந்து தரையிலிருந்து தூக்குவது, அது நீ குழாயடியில் குடம் எடுப்பது. முதுகை வளைக்காமல் இடுப்பை மடித்து எடுக்க வேண்டும், அவ்வளவுதான். கயிறு கட்டி இழுப்பது, அது கிணற்றில் தண்ணீர் சேந்துவது. ஒரு கையில் மட்டும் பாரம் பிடித்து நடப்பது. இதைச் செய்யும்போது ஒவ்வொரு தடவையும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நீ சந்துக்குள் திரும்பி வருவதுதான் கண்முன் வந்தது.

இன்னொன்று உனக்கு அப்போது சொல்லவில்லை. 26-ஆவது வாரம் சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வைத்துப் பரிசோதித்தபோது சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது. ஊசி போட வேண்டி வருமோ என்று பயந்தேன். சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் முட்டையையும் கூட்டி, சாப்பிட்டு முடித்ததும் பத்து நிமிஷம் நடந்து, பதினைந்து முறை உட்கார்ந்து எழுந்தேன். வேலை செய்கிற தசை இன்சுலினுக்காகக் காத்திருக்காமல் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்று சொல்லித் தந்தார்கள். என் விரலில் குத்திப் பார்த்த அளவிலேயே அது தெரிந்தது. ஊசி இல்லாமல் தப்பித்தேன். அப்பாவும் இதைச் செய்யலாம். சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்து டிவி பார்ப்பதை நிறுத்தச் சொல்.

கீழ்வீட்டுப் பாட்டியைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். 81 வயது, தனி ஆள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் எடையைத் தரையில் வைத்த சத்தம் கேட்டுக் கதவைத் தட்டிவிட்டார். இங்கே ஞாயிற்றுக்கிழமை சத்தம் போடக் கூடாது. என்ன சொல்லித் திட்டப் போகிறாரோ என்று பயந்துகொண்டே கதவைத் திறந்தேன். வயிற்றைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் ஒரு பழைய கம்பளத்துண்டைச் சுருட்டிக்கொண்டு வந்து, குனிந்து தன் கையாலேயே விரித்துக் கொடுத்தார். அதன்மேல் வைத்தால் சத்தம் கேட்காதாம்! பனியிலும் இரண்டு கைத்தடி ஊன்றி விறுவிறுவென்று நடக்கிறார். உருளைக்கிழங்கு மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு படி ஏறுகிறார். நான் கை நீட்டினால் தட்டிவிடுகிறார். இவ்வளவு குளிரிலும் பாப்பாவைப் போர்த்தி முற்றத்தில் தூங்க வை என்கிறார். அதை மட்டும் நான் கேட்கவில்லை.

அம்மாயிக்கு ஒரு விஷயம். இங்கேயும் மருத்துவச்சி உண்டு. ஹெபாமெ என்பார்கள். பிள்ளை பிறந்து முதல் பத்து நாள் தினமும் வீடு தேடி வந்தார். காசு இன்சூரன்ஸே கொடுத்துவிடுகிறது. அவர் சொன்ன பழமொழி, "ஒரு வாரம் கட்டிலுக்குள்ளே, ஒரு வாரம் கட்டில்மேலே, ஒரு வாரம் கட்டிலைச் சுற்றி." அம்மாயி சொல்கிற அதே பத்தியக் கணக்குதான். முதல் ஆறு வாரம் பாப்பாவை விடக் கனமான எதையும் நான் தொடவில்லை. வயிற்றில் கட்டிக்கொள்ள நீ அனுப்பிய வேட்டித் துணியையும் ஹெபாமெயிடம் காட்டினேன். தளர்வாகக் கட்டினால் இதமாக இருக்கும், இறுக்கினால் பாரமெல்லாம் கீழே இறங்கும் என்றார். அதனால் தளர்வாகக் கட்டிக்கொண்டேன்.

மலையில் இப்போது காபிப் பழம் பறிப்பு முடிந்திருக்கும். அம்மாயி, நீங்கள் பழக்கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு சரிவில் ஏறி இறங்கியதைச் சொல்வீர்களே, அதை எண்ணிக்கொண்டுதான் நான் பிரசவ அறையில் நின்றேன். பதினாலு மணி நேரம் ஆனது. உங்கள் பேத்தி தளரவில்லை.

*(நான்காவது தாள். நீ மட்டும்)*

அம்மா, பாப்பா பிறந்து மூன்றாவது வாரம் தும்மினேன். சேலை நனைந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, உங்க மாப்பிள்ளையிடம்கூட. ஆனால் ஹெபாமெ அவராகவே கேட்டார், பல் வலிக்கிறதா என்று கேட்பது மாதிரி.

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஏற்காடு பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிகிறவரை காலை இறுக்கிக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாய். வாந்தி வராமல் அடக்குகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பையில் எப்போதும் ஒரு பாவாடை மடித்து வைத்திருப்பாய். கல்யாண வீட்டில் தும்மல் வந்தால் எழுந்து ஓடுவாய், நாங்கள் சிரிப்போம். அம்மா, நாங்கள் சிரித்தோமே.

அது வயசானதால் வந்தது இல்லை. தம்பி பிறந்து இருபதாம் நாளே உன்னைத் தறியில் உட்கார வைத்தார்கள், தண்ணீர் தூக்க வைத்தார்கள். அம்மாயிக்கு அடி இறங்கியதும், அதாவது கர்ப்பப்பை கீழே சரிந்ததும், அப்படித்தான், பன்னிரண்டாம் நாளே மூட்டை தூக்கியதால். பாரம் தூக்கியது தப்பில்லை. உடம்பு சேர்ந்து வருவதற்குள் தூக்கினீர்கள், தூக்கச் சொன்னார்கள். நான் செய்வது அதற்கு நேர் எதிர். எட்டு வாரம் கழித்து, பிள்ளை பெற்றவர்கள் உடம்பைத் தேற்றிக்கொள்கிற பயிற்சி வகுப்பில் சேர்ந்தேன். பத்து மணி நேர வகுப்பு, அதுவும் இன்சூரன்ஸ்தான். முதல் நாள் என் வயிற்றில் விரல் வைத்துப் பார்த்தார்கள். நடுத்தசை இரண்டரை விரல் அளவுக்கு விலகியிருந்தது. இப்போது ஒரு விரல். பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகுதான் பாரத்தைத் தொட்டேன், நாலு கிலோவில் ஆரம்பித்து. ஜிம்முக்குக் கட்டிய பணத்தை நிறுத்திவிட்டேன். அரிசிப் பையும் தண்ணீர் பாட்டில் கட்டும் போதும்.

நீயும் செய். கீழே தூளி மாதிரி ஒரு தசை எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்திருக்கிறது. சிறுநீரையும் காற்றையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல அதை உள்ளே, மேலே இழு. வயிற்றையும் தொடையையும் இறுக்காதே. முடிந்தவரை பிடித்திருந்து, பிறகு முழுசாகத் தளர விடு. ஒரு தடவைக்கு எட்டு, நாளுக்கு மூன்று தடவை. சிறுநீர் போகும்போது செய்து பார்க்காதே. மூன்று மாசம் விடாமல் செய்தால்தான் தெரியும். அதோடு பெரியாஸ்பத்திரியில் பெண் டாக்டரிடம் ஒரு தடவை காட்டு. அம்மாயியையும் கூட்டிக்கொண்டு போ. வெட்கப்படாதே அம்மா, என்னிடம் வெட்கப்படாதே.

நேற்று ராத்திரி மூணு மணிக்குப் பாப்பா தூங்கவில்லை. லேகிய பாட்டிலைச் சுற்றி வந்த செய்தித்தாளை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை. அதை நீவி, அவளை மடியில் வைத்துக்கொண்டு, வீடு வாடகைக்கு விளம்பரத்தைச் சத்தமாக வாசித்தேன். அம்மாப்பேட்டை, குகை, அன்னதானப்பட்டி, செவ்வாப்பேட்டை. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் எந்தப் பக்கம் பார்த்தாலும் சமதரைதான். நம் மொட்டைமாடியிலிருந்து ராத்திரியில் மலைமேல் விளக்கு தெரியுமே, அது மாதிரி அண்ணாந்து பார்க்க ஒன்றும் இல்லை. அவளைத் தூக்க என்னை விட்டால் யார்? அதனால்தான் இந்தக் கை வலுவாக இருக்க வேண்டும் என்கிறேன்.

சரி, வீட்டு விஷயம்.

மருமகளுக்கு இப்போது மூன்றாவது மாசம் நடக்கிறது. 12 வாரத்துக்குள் நர்ஸம்மாவிடம் பதிவு செய்ய வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமும் சத்துப் பெட்டகமுமாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்புக்கு வரும், விட்டுவிடாதீர்கள். ஆதார், பாங்க் பாஸ்புக் இரண்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல். அவளைப் படுக்க வைத்துவிடாதே. டாக்டர் சரி என்றால் தினமும் நடக்கட்டும், உட்கார்ந்து எழட்டும். தம்பியும் கூட நடக்கட்டும், அவனுக்கும் தொப்பை விழுந்துவிட்டது. மலைக் காபி என்று நாளுக்கு நாலு டம்ளர் கொடுக்காதே, இரண்டு சின்ன டம்ளரோடு நிறுத்து. ரத்தமோ நீரோ பட்டாலும், தலை சுற்றினாலும், ஆடுசதை வலித்து வீங்கினாலும் உடனே ஆஸ்பத்திரி.

அம்மாயி பேரில் இருக்கிற மலை நிலத்தை விற்கலாம் என்று பெரிய மாமா சொல்கிறாராமே. அவசரப்பட வேண்டாம். சில்வர் ஓக்கும் மிளகுக் கொடியும் இருக்கிறவரை அது அம்மாயிக்கு ஒரு தெம்பு. அவங்க கைநாட்டு வைப்பதற்கு முன்னால் அப்பா ஒரு தடவை பத்திரத்தை முழுசாகப் படித்துப் பார்க்கட்டும். இது மாமா காதுக்குப் போக வேண்டாம்.

தை மாசம் அனுப்புகிறேன் என்று சொன்ன பணம் சித்திரைக்குத் தள்ளிப்போகும் போல இருக்கிறது. அவருக்கு வேலை ஒப்பந்தம் புதுப்பிப்பதில் கொஞ்சம் தாமதம், கவலைப்பட ஒன்றுமில்லை. எனக்கு வருகிற பேறுகாலப் பணத்தில் வாடகை ஓடிவிடுகிறது. என் ஆரத்தை அடகு வைத்த தவணை மாசியில் முடிகிறது. மீட்க வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கச் சொல். ரசீது அப்பாவின் பச்சை அட்டை டைரிக்குள் இருக்கிறது. வட்டிக்கு மட்டும் எப்படியாவது அடுத்த வாரம் அனுப்பிவிடுகிறேன்.

எல்லோருக்கும் என் அன்பு. அம்மாயி கன்னத்தில் பாப்பா சார்பில் ஒரு முத்தம்.

உன் மகள்

பி.கு: இந்தத் தாளைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. அரிசிப் பானைக்கு அடியில் வைத்துக்கொள். மருமகளுக்குப் பிரசவம் ஆனதும் அவளிடம் கொடு.