ஒரு நாள் மட்டும் வராதே

அன்புள்ள தோழிக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரும் நலம்தானே? "ஆதரவற்ற பிள்ளைகள் இல்லத்துக்கு ஒரு நாள் வந்து, பிள்ளைகளிடம் என் வேலையைப் பற்றிப் பேசட்டுமா?" என்று நீ கேட்டு நாலு மாதமாகிறது. 'வா' என்று ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம், மனம் வரவில்லை. காரணம் சொல்லாமல் இருந்தது தப்பு. கடைசி பெஞ்சுக்காரி கல்யாணத்தில் நீ முகத்தைத் திருப்பிக்கொண்டதும் நியாயம்தான். அதற்காக எனக்கு எடுத்து வைத்த இலையில் நீயே உட்கார்ந்தது கொஞ்சம் அதிகம்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இங்கே 16 வயதுப் பெண் ஒருத்தி இருக்கிறாள். நாலு பேர் இருந்தால் வாயே திறக்க மாட்டாள், ஆனால் உயிரியல் என்றால் உயிர். போன ஞாயிற்றுக்கிழமை உன்னை மனதில் வைத்துக்கொண்டு, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என்னென்ன நடக்கும் என்று அவளுக்கு அரைமணி நேரம் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டாள். முடிந்ததும் கேட்டது ஒரே கேள்விதான்: "அங்க தங்க இடம் தருவாங்களா அக்கா?"

எனக்குப் பேச்சே வரவில்லை. அந்த வயதில் நமக்கு இப்படி ஒரு கேள்வி தோன்றியிருக்குமா? 18 முடிந்தால் அவள் கட்டிலைக் காலி செய்ய வேண்டும். என்ன பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன்னால், எங்கே தூங்குவது என்பது வந்து நிற்கிறது. இது தெரியாமல் "பெரிதாகக் கனவு காணுங்கள்" என்று பேசிவிட்டு, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் ஆத்திரமாக வருகிறது.

சின்னதுகளிடம் என்னவாகப் போகிறாய் என்று கேட்டால் டீச்சர், நர்ஸ், போலீஸ் என்பதைத் தாண்டாது. கிட்டத்தில் பார்த்த பெரியவர்கள் அவ்வளவுதான். வேலை முடிந்து வந்து மேலதிகாரியைத் திட்டிக்கொண்டே சாப்பிடும் அப்பாவைப் பலர் பார்த்ததில்லை. சம்பள நாளில் வீட்டில் கணக்குப் போடுவதைக் கேட்டதில்லை. நமக்கு அதெல்லாம் சும்மா காதில் விழுந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையே நானும் அந்த 16 வயதுப் பெண்ணும் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிப் பழகினோம். மளமளவென்று எழுதிக்கொண்டு வந்தவளுக்கு 'நிரந்தர முகவரி'யில் பேனா நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து இல்லத்தின் முகவரியை எழுதி, நான் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டாள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருந்தவர்களைப் பற்றி அமெரிக்காவில் ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓராண்டுக்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிக நன்மை கிடைத்தது. மூன்று மாதத்துக்குள் அறுந்துபோனவற்றில், பிள்ளைகள் தங்களைப் பற்றி வைத்திருந்த மதிப்பே முன்பைவிடக் குறைந்துபோனது. அது இல்லத்துப் பிள்ளைகளை மட்டும் வைத்துச் செய்த ஆய்வு அல்ல. ஆனாலும் ஏற்கெனவே ஒருமுறை கைவிடப்பட்ட பிள்ளைக்கு அது எவ்வளவு வலிக்கும் என்று யோசித்துப் பார். இல்லத்தை விட்டு வெளியேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும், முடிந்தவரை, துணைக்கென்று ஓர் ஆள் வேண்டும், ஆயத்தம் வெகு முன்பே தொடங்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச்சபை 2009இல் ஏற்ற வழிகாட்டுதல்களும் சொல்கின்றன.

அந்த ஆளாக நீ இருப்பாயா? மாதம் இரண்டு ஞாயிறு, குறைந்தது ஓராண்டு. இல்லத்தில் அனுமதி வாங்க வேண்டும், அவர்கள் சொல்லும் விதிப்படிதான் சந்திக்க வேண்டும். அதையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். பிரசங்கம் எதுவும் வேண்டாம். உன் கூடத்துக்கு ஒருநாள் அழைத்துப் போய் நுண்ணோக்கியில் பார்க்கவிடு. முதல் சம்பளத்தை என்ன செய்தாய், முதல் வேலையில் எதற்கு அழுதாய் என்றெல்லாம் சொல். அப்புறம், எந்தப் படிப்புக்கு விடுதி உண்டு, உதவித்தொகைக்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்று அவளோடு உட்கார்ந்து தேடு.

மாதக் கடைசிக்குள் பதில் போடு. முடியாது என்றால் முடியாது என்றே எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். உன்னைப் பற்றி அவளிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அன்புடன்,
உன் பழைய பக்கத்து இருக்கைக்காரி