பின்படிக் கதவு

அன்புள்ள மாலதி,

பதில் தாமதம்தான், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். பத்மா இன்னும் அதே பத்மா.

பின்படிக் கதவுப் பூட்டுக்கு உன் கான்ட்ராக்டர் போட்ட வயரிங் படத்தை நீ அனுப்பியிருந்தாயே, அதைப் பார்த்ததும் பகீரென்றது. பூட்டுராணி என்று உனக்குச் சும்மாவா பேர் வைத்தோம்? திருட்டுப் பயம் நியாயம்தான். அதற்காக அவசர வழியில் காந்தப் பூட்டா? 'கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும்' என்றாராம் கான்ட்ராக்டர். அவரே பக்கத்தில் ஒரு பேட்டரியும் வரைந்திருக்கிறார், பார்த்தாயா? கரண்ட் போனாலும் அது காந்தத்தைப் பிடித்தே வைத்திருக்கும். 272 கிலோ இழுவையைத் தாங்கும் பூட்டை எந்தத் தோளாலும் தள்ளித் திறக்க முடியாதுடி.

தீ அலாரத்தின் ரிலே, அதாவது அலாரம் அடித்ததும் லைனை வெட்டுகிற சுவிட்ச், பவர் சப்ளைக்குள் வரும் மின்சாரத்தை நிறுத்தினால் போதாது. பேட்டரியைத் தாண்டி, பூட்டுக்குப் போகும் 12 வோல்ட் லைனை அது துண்டிக்க வேண்டும். அலாரத்திலிருந்து ரிலேவுக்கு வரும் கம்பி அறுந்தாலும் பூட்டு விட்டுவிட வேண்டும். வெளியேறும் பொத்தானும் அந்த லைனையே நேராகத் துண்டிக்கட்டும். பூட்டை இயக்கும் மின்னணுப் பெட்டியான கன்ட்ரோலரிடம் அனுமதி கேட்கிற பொத்தான், கன்ட்ரோலர் ஹேங் ஆன அன்றைக்கு வெறும் அலங்காரம்.

இன்னொரு வில்லங்கம்: அது தீத்தடுப்புக் கதவு. காந்தம் விட்டபின் கதவைச் சட்டத்தோடு பிடிக்கத் தாழ்ப்பாள் நாக்கு இல்லாவிட்டால், தீயின் அழுத்தத்தில் கதவு விலகிப் புகை படிக்கட்டில் ஏறிவிடும்.

என்னைக் கேட்டால் பேனிக் பார் போடு. வெளியே சாவி, உள்ளே இடுப்புயரத்தில் குறுக்குச் சட்டம். தள்ளினால் நாக்கு உள்ளே இழுத்துக்கொள்ளும், கரண்டே வேண்டாம். கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஒரு டோர் குளோசர். திருட்டுக்கு, கதவு திறந்தால் அலறும் சைரனும் ஒரு கேமராவும். சாமான் தூக்குகிறவனுக்கு வேண்டியது சத்தமில்லாத வழி. அதை மட்டும் கெடுத்தால் போதும். தள்ளி 15 விநாடி கழித்துத் திறக்கிற வகையும் உண்டு, அலாரம் அடித்தால் உடனே விடும். ஆனால் கூட்டம் சேரும் தளத்துக்கு அதை நான் சொல்லமாட்டேன்.

1911-இல் நியூயார்க் டிரையாங்கிள் ஆடை ஆலைத் தீயில் 146 பேர் செத்தார்கள். ஒன்பதாம் மாடியின் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. அங்கேயும் காரணம் திருட்டுப் பயம்தான், மாலதி.

காந்தம்தான் என்று உன் கமிட்டி அடம்பிடித்தால், ஒப்படைக்கும் நாளில் பேட்டரியைக் கழற்றவிடாமல் அலாரத்தை அடிக்கச் சொல். கதவு அசையாவிட்டால் கடைசித் தவணைப் பணத்தை நிறுத்திவை. திருத்திய வயரிங் படத்தையும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
கோதை