பேஜ்ல அப்பா பேர போடலாமா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்லுக்கா

ஸ்வான்ஸீ
ஞாயித்துக்கிழம ராத்திரி

அக்கா,

இங்க எல்லாரும் நல்லாருக்கோம். நீ, மச்சான், பாப்பா, அம்மா எல்லாம் எப்படி இருக்கீங்க. போன்ல பேசுனா நீ ஸ்பீக்கர போட்டுடற, அம்மாவும் பக்கத்துலயே உக்காந்து கேக்குது, அதான் எழுதுறேன். இத முதல்ல நீ மட்டும் படி.

போன வாரம் வீடியோல பாத்துட்டு மச்சான் "என்ன மாப்ள பாதி ஆளா போய்ட்டீங்க"ன்னு கேட்டாருல்ல, நைட் டூட்டின்னு சொல்லி சமாளிச்சுட்டேன். விஷயம் அது இல்ல. வர்ற செப்டம்பர்ல ஒரு போட்டிக்கு பேர் குடுத்திருக்கேன், டிரையத்லான்னு சொல்லுவாங்க, அதுலயே பெருசு அயர்ன்மேன். கடல்ல 3.8 கிலோமீட்டர் நீச்சல், ஏறி வந்து சைக்கிள்ல 180 கிலோமீட்டர், எறங்குன கையோட 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாள்ல, 17 மணி நேரத்துக்குள்ள முடிக்கணும். சைக்கிள் மட்டுமே பட்டுக்கோட்டையிலேர்ந்து தஞ்சாவூருக்கு ரெண்டு தடவ போய்ட்டு வர்ற தூரம் கிட்டத்தட்ட. எவன்டா இத கண்டுபுடிச்சான்னு மச்சான் கேப்பாரு, 1978ல ஹவாய் தீவுல ஆரம்பிச்சாங்க, 15 பேரு கெளம்பி 12 பேருதான் முடிச்சாங்களாம், மிச்சம் மூணு பேருதான் புத்தியுள்ளவங்கன்னு எனக்கு இப்ப தோணுது.

போட்டி நடக்குற ஊரு டென்பி, இங்கேர்ந்து கார்ல ஒன்னேகால் மணி நேரம் இருக்கும். வெல்ஷ் பாஷையில அந்த ஊரு பேருலயே மீன் இருக்கு, மீனோட சின்னக் கோட்டைன்னு அர்த்தமாம். வேல்ஸ்ல எல்லா போர்டும் ரெண்டு பாஷையில இருக்கும், ரோட்டுலயே பெருசா "அராவ்"னு எழுதியிருப்பான், மெதுவான்னு அர்த்தம். மேட்டுல நான் ஏற்கனவே நாக்கு தள்ளி மாடு மாதிரி ஏறிக்கிட்டிருக்கும்போது அந்த எழுத்த பாத்தா சிரிப்பும் வரும் எரிச்சலும் வரும். இந்த ஊருல சமதரையே கெடையாதுக்கா, நம்ம ஊருல மேடுன்னா வாய்க்கா பாலத்து ஏத்தம்தான, அத நம்பி வளந்த காலு இது.

ஆனா நீச்சல்தான் எனக்கு பயம்னு நீ நெனைக்க மாட்ட. புதாத்துல நீயும் நானும் பாலத்துலேர்ந்து குதிச்சது ஞாபகம் இருக்குல்ல, மேட்டூர்ல தொறந்து கல்லணை தாண்டி நம்ம கடமடைக்கு தண்ணி வந்துசேந்த அன்னிக்கு ஊரே கரையில நிக்கும். அந்த தெம்புலதான் பேரே குடுத்தேன். ஏப்ரல் மாசம் காஸ்வெல்னு ஒரு கடற்கரையில மொத தடவ எறங்குனேன் பாரு, தண்ணி ஒம்போது பத்து டிகிரி, முகத்த உள்ள விட்டதும் நெத்தியில ஆணி அடிச்ச மாதிரி ஆயி மூச்சே உள்ள போகல, இருவது அடி கூட போகாம திரும்பி வந்து மணல்ல உக்காந்துட்டேன். பக்கத்துல எழுவது வயசு தாண்டுன பாட்டிங்க நாலு பேரு சாதா நீச்சல் டிரெஸ்ல எறங்கி கத பேசிக்கிட்டே மெதக்குறாங்க. நம்ம மல்லிப்பட்டினம் கடல் கொளம் மாதிரி அசையாம கெடக்கும்ல, இது அப்படி இல்ல, உலகத்துலயே ஏத்த வத்தம் ரொம்ப அதிகமா உள்ள எடங்கள்ல இந்த பக்கத்து கடலும் ஒண்ணு, காலையில தண்ணி இருந்த எடத்துல மத்தியானம் பசங்க பந்து வெளையாடுவானுங்க. அதனால அலை எப்ப ஏறும் எப்ப எறங்கும்னு டைம் பாத்துத்தான் போகணும், தனியா போகவே மாட்டேன், அம்மாகிட்ட அத மட்டும் அழுத்திச் சொல்லு.

குளுருக்கு வெட்சூட்னு ஒரு ரப்பர் சட்டை இருக்கு, உடம்போட ஒட்டிக்கும், கால நொழைக்க பாதத்துல பிளாஸ்டிக் பைய மாட்டிக்கிட்டு வழுக்கி விடணும். மொத நாள் அத மாட்ட அர மணி நேரம் ஆச்சு, சின்னவன் கட்டில்ல உருண்டு உருண்டு சிரிச்சான்.

சாப்பாடு தனிக் கத. நீளமா சைக்கிள் ஓட்டும்போது ஜெல்னு ஒரு பாக்கெட் திங்கச் சொல்றாங்க, இனிப்பு பசை மாதிரி இருக்கும், மூணாவது பாக்கெட்டுக்கு கொமட்டிக்கிட்டு வரும். இப்ப பேரீச்சம்பழமும் கடலமுட்டாயும் பையில வச்சுக்கறேன். வேர்வையில உப்பு போயிடும்னு உப்பு மாத்திர விக்கிறான், டப்பா ஒண்ணு வாங்கி கரைச்சு குடிச்சா நம்ம நீராகாரம் ஞாபகம்தான் வந்துச்சு, அப்பா தோப்புக்கு போறதுக்கு முன்னாடி சொம்பு நெறய ஊத்தி உப்புக்கல்லு போட்டு குடிக்குமே, அதே சங்கதிதான். அடுத்த வாரத்துலேர்ந்து பழைய சோத்துத் தண்ணிதான் எனக்கு.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வரேன், சுத்திச் சுத்தி வரேன்னு உனக்கே தெரிஞ்சிருக்கும்.

இங்க இந்த மாதிரி போட்டிக்கு போறவங்க நெறய பேரு ஏதாவது ஒரு காரியத்துக்கு காசு வசூல் பண்ணுவாங்க. நான் டெனோவஸ்னு ஒரு கேன்சர் அமைப்புக்கு பண்றேன். 1943ல கார்டிஃப்ல பத்து வியாபாரிங்க சேந்து ஆரம்பிச்சது, "டென் ஆஃப் அஸ்", நாங்க பத்து பேருன்னு அதயே பேரா வச்சுட்டாங்க. அவங்ககிட்ட லாரி மாதிரி பெரிய வண்டி இருக்கு, உள்ளயே கீமோ ஏத்துற வசதி, நோயாளி ஊருக்கு பக்கத்துலயே வந்து நிக்கும். மொத தடவ அந்த வண்டிய பாத்தப்ப எனக்கு நீயும் அப்பாவும்தான் கண்ணுல வந்தீங்க, ராத்திரி பூரா பஸ்ல அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு போயி, அப்பா தொண்டைய துண்டால சுத்திக்கிட்டு ஜன்னல் ஓரமா. அந்த அடையாறும் 1954ல வெறும் 12 படுக்கையோட ஆரம்பிச்சதுதான், முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கச்சிய இதே நோயில பறிகொடுத்துட்டு விடாம நின்னு கட்டுனது. இதெல்லாம் இங்க வந்துதான் படிச்சேன், அப்பா அங்க இருந்தப்ப எனக்கு ஒண்ணுமே தெரியாதே.

ஆமா, தெரியாது. நீங்க யாரும் சொல்லல. கஜா புயல்ல தென்ன பூரா சாஞ்சு கெடந்த அடுத்த வருசம், எங்கிட்ட தொண்டைப்புண்ணுன்னு சொன்னீங்க, ஊருல அல்சர்னு சொன்னீங்க, அம்மாகிட்டயே கட்டின்னு மட்டும்தான் சொன்னீங்க. உன் ஆரம் அடகுல இருந்தது கூட பின்னாடி மச்சான் வாய்தவறி சொல்லித்தான் தெரியும். குத்தமா சொல்லலக்கா. அப்பாதான் யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்குச்சுன்னு தெரியும். 2020 ஏப்ரல்ல ஃபிளைட்டே இல்லாம இந்த ரூம்ல உக்காந்து போன்ல பாத்தேன். அதுக்கு மேல அத எழுத வேணாம்.

எங்க வார்டுல டாக்டர் நோயாளி பக்கத்துல சேர இழுத்துப் போட்டு உக்காந்து, உங்களுக்கு கேன்சர்னு நேரா சொல்லிடுவாரு. மொத தடவ கூட நின்னப்ப எனக்குத்தான் கை நடுங்குச்சு, அந்த பாட்டியம்மா ஒரு நிமிசம் சும்மா இருந்துட்டு ஒரு டீ கெடைக்குமான்னு கேட்டாங்க. இது நல்லதா நம்ம வழி நல்லதான்னு நர்ஸாகி இத்தன வருசம் ஆகியும் எனக்கு ஒரு முடிவுக்கு வர முடியல.

வசூல் பண்றதுக்கு ஒரு வெப் பேஜ் இருக்கு. நம்ம மொய் நோட்டுதான் அது, யாரு எவ்வளவு போட்டான்னு பேரோட எல்லாருக்கும் தெரியும். ஆடி மாசம் பேராவூரணி பக்கம் மொய் விருந்துல கறிசோறு போட்டு எழுதுவாங்களே அதேதான், என்ன, கறிசோறுக்கு பதிலா நான் சைக்கிள் ஓட்டணும், திருப்பிச் செய்யவும் வேண்டாம். வரி கட்டுறவங்க 100 பவுண்டு போட்டா கவர்மெண்டு 25 பவுண்டு சேத்துக் குடுக்குது, அந்த மாதிரி மொய் நம்ம ஊருல யாரும் எழுதல. 2000 பவுண்டு டார்கெட், இது வரைக்கும் 640 வந்திருக்கு, பாதி கூட வேல பாக்குற நர்ஸுங்க போட்டது. கேக்குறதுக்குத்தான்க்கா கூச்சம். மொய் வாங்கலாம், கடன் வாங்கலாம், வியாதிய சொல்லி மட்டும் கையேந்தக்கூடாதுன்னு அப்பா சொல்லும்ல, லிங்க்க அனுப்ப பட்டன அமுக்குறப்ப எல்லாம் அந்த குரலு கேக்குது.

பேஜ்ல "ஏன் இத செய்யறீங்க"ன்னு ஒரு எடம் இருக்கு. ரெண்டு மாசமா காலியா விட்டிருக்கேன். அப்பா பேரும் என்ன நோயின்னும் அங்க எழுதணும்னு ஆச. போட்டி சட்டை முதுகுலயும் பேர போடலாம், டென்பில கடற்கரையிலேர்ந்து மேல ஏறுற பாதை வளைஞ்சு வளைஞ்சு வரும், ரெண்டு பக்கமும் சனம் நின்னு முதுகுல இருக்குற பேர படிச்சு கத்துவாங்களாம். ஆனா அம்மாவுக்கு பிடிக்காம நான் போட மாட்டேன். அது வாயால அந்த வார்த்தைய இன்னிக்கு வரைக்கும் சொன்னதில்ல. பாப்பாவுக்கு மாப்பிள்ள பாக்குற நேரம், அவங்க குடும்பத்துல இந்த நோயின்னு யாராவது பேசிடுவாங்கன்னு உனக்கும் ஒரு கவல இருக்கும், அதயும் மறைக்காம எழுது. வேணாம்னா "ஒரு தென்ன விவசாயிக்காக"ன்னு மட்டும் போட்டுக்கறேன், எனக்கு வருத்தம் இல்ல.

வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு, சட்டைக்கு பிரிண்ட் குடுக்கணும். சரின்னு அம்மா சொன்னா ஒரு வேல செய். பாப்பா காதுகுத்து மொய் நோட்டு பரண்ல தகரப் பெட்டியில கெடக்கும், அதோட அட்டையில அப்பா தன் பேர சிவப்பு மையில தானே எழுதியிருக்கும், பெரிய எழுத்துல, கடைசி எழுத்து வால நீட்டி. அத வெளிச்சத்துல வச்சு நிழல் விழாம போட்டோ எடுத்து அனுப்பு. மச்சான எடுக்கச் சொல்லாத, அவரு எடுத்தா வெரலும் சேந்து வரும்.

உன் தம்பி