"அதே எஞ்சின்தான்" என்ற சொல்லை நம்பிப் பழைய பாகம் வாங்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

செபராங் பிறை வட்டாரத்தில் காய்கறி, மளிகை, பந்தல் சாமான் என்று எதையாவது ஏற்றி இறக்கிப் பிழைக்கும் நம்மவர்கள் பலர், பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பிக்கப் வாகனங்களையே இன்னும் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் பழுதாகும்போது புதிய பாகத்தின் விலை கையைக் கடிப்பதால், பழைய வாகனங்களைக் கழற்றி விற்கும் பொத்தோங் கடைகளில் பழைய பாகத்தைத் தேடிப் போகிறோம். அதில் தவறேதும் இல்லை. நானும் அப்படித்தான் வாங்கி வருகிறேன். ஆனால் அந்தக் கடைகளில் தாராளமாக வழங்கும் ஒரு சொல்லைப் பற்றி வாசகர்களிடம் சொல்லியே ஆக வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். "இதுவும் அதே எஞ்சின்தான்" என்பதே அந்தச் சொல்.

என்னிடம் இருப்பது 2.5 லிட்டர் டீசல் எஞ்சின் கொண்ட மிட்சுபிஷி ஸ்டோர்ம். கடந்த ஆண்டு ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்ததால் எஞ்சினின் மேல்மூடியான சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பார்த்தோம். இரண்டு வால்வுகளுக்கு நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. என் வண்டியிலுள்ள 4டி56 எஞ்சினை அறிந்தவர்களுக்கு இது பழகிப்போன நோய். பழைய ஹெட் ஒன்றைத் தேடிப் போன இடத்தில், வாகனத்தின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு, அதே எஞ்சின்தான் என்று ஒன்றை எடுத்து வைத்தார்கள். 1,300 வெள்ளி கொடுத்து வாங்கி வந்தேன்.

பட்டறையில் பார்த்தபோது போல்ட் துளைகள் அத்தனையும் ஒத்திருந்தன, இடையில் வைக்கும் கேஸ்கெட் தகடும் அதன் மேல் பிசகாமல் படிந்தது. நல்லவேளையாக, பூட்டுவதற்கு முன் போமன் (பட்டறை மெக்கானிக்) ஓர் இரும்பு அடிமட்டத்தை எடுத்து, இரண்டு ஹெட்டுகளையும் கவிழ்த்து வைத்து, அடிப்பரப்பின் குறுக்கே நிறுத்திப் பார்த்தார். என் பழைய ஹெட்டில் வால்வுகளின் முகம் சற்று உள்வாங்கி இருந்தது. அடிமட்டத்திற்குக் கீழே வெளிச்சம் தெரிந்தது. வாங்கி வந்ததிலோ வால்வுகள் பரப்போடு பரப்பாக நின்றன. வெளிச்சம் நுழையவே இல்லை. 4டி56 ஹெட்டில் இந்த இரண்டு வகையும் உண்டு என்பதும், அவற்றுக்கு ஏற்ற பிஸ்டன்கள் வெவ்வேறு என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வால்வுக்கு இடம்விட்டுப் பள்ளம் வெட்டாத பிஸ்டன் மேல் அந்த ஹெட்டைப் பூட்டியிருந்தால், சாவியைத் திருப்பிய மாத்திரத்தில் வால்வு பிஸ்டனில் இடித்திருக்கும். மாறாக, வால்வு உள்வாங்கிய ஹெட்டைப் பள்ளம் வெட்டிய பிஸ்டன் மேல் பூட்டினால் இடிக்காது என்றாலும் அமுக்கம் குறைந்து, காலையில் எஞ்சின் எழுவதே சிரமமாகும். கடையில் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார்கள். என் ரசீதில் "ஹெட் 1" என்பதைத் தவிர வேறொன்றும் எழுதியிருக்கவில்லை.

ஒரே குறியீடு பல காலம் நீடிப்பதால்தான் இந்தக் குழப்பம். பழைய ஸ்டோர்மிலும் பின்னர் வந்த டிரைட்டனிலும் எஞ்சினின் பெயர் 4டி56தான். அளவும் 2,477 சிசிதான். ஆனால் முன்னதில் சிலிண்டருக்கு இரண்டு வால்வுகள், டீசலைச் செலுத்த இயந்திர பம்ப். பின்னதில் நான்கு வால்வுகள், டீசல் செலுத்துவதைக் கணினி ஆளும் காமன் ரயில் முறை. டிரைட்டனின் ஹெட் ஸ்டோர்முக்கு எவ்விதத்திலும் பொருந்தாது. டொயோட்டா ஹைலக்ஸின் 2கேடி எஞ்சினை எடுத்துக்கொண்டாலும், முன் வந்தவற்றில் சாதாரண டர்போவும் பின் வந்தவற்றில் இறக்கைகளின் கோணம் மாறும் டர்போவும் இருக்கின்றன. காமன் ரயில் எஞ்சினுக்குப் பழைய இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் பாகம்) வாங்குவோர் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பலவற்றின் தலையில் ஒரு நீண்ட குறியீடு பொறிக்கப்பட்டிருக்கும், அதை எஞ்சின் கணினியில் பதிவு செய்யாவிட்டால் பாகம் நல்லதாக இருந்தாலும் எஞ்சின் நடுங்கும், புகை தள்ளும். அந்த எழுத்துகள் அழிந்துபோன இன்ஜெக்டரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

ஆகவே கடைக்குப் போகும்போது கழற்றிய பழைய பாகத்தையே தூக்கிக்கொண்டு போங்கள். கனமாகத்தான் இருக்கும், ஆனால் கைப்பேசிப் படத்தில் ஆழம் தெரியாது. வார்ப்பில் பொறித்துள்ள எண்ணை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வாகனத்தின் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால், அங்கீகாரம் பெற்ற விற்பனை நிலையத்தின் உதிரிபாகப் பிரிவில் சரியான பாக எண்ணைத் தேடிச் சொல்வார்கள். நிறுவனங்கள் பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண்ணை வெளியிடுவதும் உண்டு என்பதால், எண் வேறாக இருந்தால் அதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். ஹெட் கேஸ்கெட்டில் இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. பல டீசல் எஞ்சின்களுக்கு அது வெவ்வேறு தடிமனில் வரும். அதன் விளிம்பிலுள்ள சிறு வெட்டுகளை எண்ணித்தான் எந்தத் தடிமன் என்று அறிய வேண்டும். இவையெல்லாம் பொருந்தினாலும், வெடிப்பு இருக்கிறதா என்று பட்டறையில் அழுத்தச் சோதனை செய்த பிறகே பூட்ட வேண்டும்.

ஹெட்டோடு நின்றால் ஆவண வேலை ஏதும் இல்லை. ஆனால் எஞ்சின் எண், சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கில் பொறிக்கப்பட்டிருப்பதால், பிளாக்கையோ முழு எஞ்சினையோ மாற்றுபவர் சாலைப் போக்குவரத்துத் துறையில் புதிய எண்ணைப் பதிந்தாக வேண்டும். பலர் இதைத் தள்ளிப் போடுகிறார்கள். பின்னொரு நாள் வாகனத்தை விற்று உரிமை மாற்றப் போகும்போது, புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் எஞ்சின் எண் ஒத்துவராமல் அங்கேயே எல்லாம் நின்றுவிடுகிறது. எஞ்சினை வாங்கும்போதே அதன் எண் எழுதிய ரசீதையும், அது இறக்குமதியான எஞ்சின் என்றால் அதற்குரிய ஆவணங்களையும் கேட்டுப் பெறாதவர், அப்போது கடையைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இன்றியே முன்வைக்கலாம். தொழிலுக்கு ஓட்டும் வாகனம் என்றால் அங்கே கேள்வி எழக்கூடும் என்பது உண்மைதான். எப்படியானாலும், "ஹெட் 1" என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு எந்தக் கதவையும் தட்ட முடியாது என்பதை நான் பட்டு அறிந்தேன்.

எனவே பழைய உதிரிபாகம் விற்கும் வணிகர்களிடம் நான் பணிவுடன் கேட்பது இதுதான்: எஞ்சின் குறியீடு, பாகத்தின் மேலுள்ள எண், எந்த மாடலிலிருந்து கழற்றப்பட்டது, பொருந்தாவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தரப்படும் ஆகியவற்றை ரசீதில் எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவர்கள், அவை எழுதப்படும் வரை பணத்தை எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
பிக்கப் உரிமையாளர் ஒருவர்,
சுங்கை பாக்காப், பினாங்கு.