தெருப்பூனைக் கருத்தடை: ஓர் இடத்தை முடித்துவிட்டு அடுத்த இடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

தெருப்பூனைகளுக்குக் கருத்தடை செய்ய இளைஞர்கள் பலர் ஆர்வத்தோடு வருகிறார்கள். ஆனால் இந்தத் தெருவில் ஒன்று, அந்தத் தெருவில் இரண்டு என்று பிடித்தால் உழைப்பு வீண். பூனைக்குச் சினைக்காலம் 63 முதல் 65 நாள்தான். குட்டிகள் பால் குடிக்கும்போதே தாய் மறுபடி சினையாகும். பெண்குட்டி நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். ஒரு குடியிருப்பில் இரண்டு பெண் விடுபட்டாலே பழைய கூட்டம் திரும்பிவிடும்.

எத்தனை பூனை என்ற கணக்கு, தினமும் சோறு வைப்பவரிடம்தான் இருக்கிறது. ஒரு வாரம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பிடிக்கும் நாளுக்கு முந்தின இரவு பெரிய பூனைகளுக்கு யாரும் எதுவும் போடக்கூடாது. மாடிவீட்டுக்காரர் இரக்கப்பட்டு ஒரு மீன்தலை போட்டால் போதும், கூண்டை எதுவும் எட்டிப்பார்க்காது. வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து, அது நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு.

கூண்டில் மத்தி மீனை, மிதித்ததும் கதவு விழச்செய்யும் மிதிதட்டுக்கு அப்பால், கடைசி மூலையில் வையுங்கள். முன்னால் வைத்தால் தின்றுவிட்டுப் பின்னாலேயே நழுவிவிடும். கம்பி காலில் உறுத்தாமல் இருக்கச் செய்தித்தாள் விரியுங்கள். கதவு விழுந்ததும் பழைய போர்வையால் முழுக்க மூட வேண்டும். மூடாவிட்டால் கம்பியில் முட்டி முட்டி மூக்கெல்லாம் ரத்தமாகிவிடும். வெறுங்கையால் தொடவே வேண்டாம்.

பிடித்த பெண்பூனைக்குக் காம்பைச் சுற்றி முடி உதிர்ந்து, பால் கட்டியிருந்தால் எங்கோ குட்டிகள் பசியோடு கிடக்கின்றன. டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அடிவயிற்றுக்குப் பதில் விலாப்பக்கம் அறுத்துத் தையல் போட்டால் குட்டிகள் முட்டிக் குடித்தாலும் காயத்தில் படாது.

மயக்கத்தில் இருக்கும்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, இடது காது நுனியில் ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு நேராக வெட்டிவிட வேண்டும். இது கொடுமை என்று சிலர் தடுக்கிறார்கள். அந்த அடையாளம் இல்லாவிட்டால் அதே பூனையின் வயிற்றை இன்னொருவர் மறுபடி கிழிக்க நேரும், அதுதான் கொடுமை.

கடுவனுக்கு ஓர் இரவு, பெண்ணுக்கு இரண்டு இரவு ஓய்வு வேண்டும். உடல்சூடு இறங்கியிருக்கும், மின்விசிறிக்கு நேரே வைக்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்தால் பூனை செத்தே போகும்.

கூண்டு தூக்க ஆள் கிடைக்கிறது. இந்த இரண்டு இரவுக்கு இடம்தான் கிடைப்பதில்லை. பூட்டிக் கிடக்கும் வாட்ச்மேன் அறை ஒன்றைக் குடியிருப்புச் சங்கங்கள் திறந்துவிட்டாலே ஐந்தாறு கூண்டுகள் வைக்கலாம்.

தெருப்பூனைக் கருத்தடைத் தன்னார்வலர்கள்,
சென்னை